கதிரவேலு எண்டு ஆரைக் கூப்பிடுறது?

மருத்துவமாது வேலையில ஊசி போடுறது லேசு, நிறை பாக்கிறது லேசு, "பிள்ளைக்குப் பேர் வைச்சாச்சோ?" எண்டு கேட்டுப்போட்டு அந்த வீட்டில இருந்து மரியாதையா வெளியில வாறதுதான் பெரிய பாடு.

இதை வாசிக்கிறவையில முக்கால்வாசிப் பேருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் ஒரு காலத்தில பிள்ளைக்குப் பேர் வைக்க வெளிக்கிட்டு, மச்சானோட முகம் முறிச்சு, மாமியாரோட கதை பேச்சில்லாமல் இருந்து, கடைசியா ஆரோ ஒரு சாத்திரியார் சொன்ன எழுத்தில மாட்டுப்பட்டவையாத்தான் இருப்பியள். உங்களுக்கு அந்த அந்தரம் உங்கட பிள்ளையளோட முடிஞ்சுது. எனக்கு உருத்திரபுரத்தில வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பிறக்கிற அத்தினை பிள்ளையளுக்கும் அந்தரம்தான். ஸ்கூட்டியை நிப்பாட்ட முந்தியே "மிஸி வந்திட்டா, மிஸியைக் கேப்பம்" எண்டு நான் இருக்கக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டிடுவினம்.

இப்ப திரும்பவும் பழைய பேருக்கு மவுசு வந்திருக்கு. இடையில கொஞ்சக் காலம் 'ஷ'வும் 'ஜ'வும் இல்லாமல் எங்கட பகுதியில ஒரு பிள்ளையும் பிறக்கேல்லை. கிளினிக் முடிய எனக்கு நாக்குச் சுளுக்கி இருக்கும். இப்பத்தைய இளம் சோடியள் "நல்ல பழைய பேரா ஒண்டு சொல்லுங்கோ மிஸி" எண்டு கேக்கினம். நல்ல விசயம். ஆனால் பேரைச் சொன்னவுடன ஒரு பயமும் வந்திடும். தூர நிண்டு கூப்பிட்டா ஒழுங்காக் கேக்குமோ, பள்ளிக்கூடத்தில மாத்திக் கூப்பிடுவினமோ, வெளிநாட்டில இருக்கிற பெரியப்பாவுக்கு வேற மாதிரிக் காதில விழுமோ எண்டு ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லுவினம். நான் நடுவில இருந்து பிளேன்ரீ குடிப்பன்.

கேட்டிருக்கக் கூடாத கேள்வி

முதல்ல சுதன் வீட்டுக் கதையைத் துவங்கிறன். இல்லாட்டி மற்றப் பகிடியளைச் சொல்லிச் சிரிச்சுக்கொண்டு அதை விட்டிடுவன். சுதன் உழவு மெசின் வைச்சிருக்கிற பெடியன். மனிசி மீனாட்சி ஜெயபுரத்துப் பிள்ளை. அவளின்ர ஆக்கள் மலையகத்தில இருந்து வந்து இஞ்ச காடு வெட்டிக் குடியேறினவை. வீட்டுக்குப் பெரியவா சுதன்ர மூத்த தமக்கை தவமணியக்கா. பசு வளத்துப் பால் விக்கிறவா. வாய் கொஞ்சம் பெரிசு, மனமும் அப்பிடித்தான். சுதன் மீனாட்சியைக் கட்டப்போறன் எண்டு நிக்கேக்க "அவையின்ர வழக்கம் வேற, எங்கட வழக்கம் வேற" எண்டு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சவா. மீனாட்சி வயித்தில பிள்ளை எண்டவுடன முதல் கறக்கிற பாலை அவளுக்கெண்டு எடுத்து வைச்சதும் அவாதான்.

தாய் தேப்பனில்லாத சுதனை வளத்தது தவமணியக்காவும் அவவின்ர மனிசன் கதிரவேலுவும். அவைக்குச் சொந்தப் பிள்ளையள் இல்லை. கடைசிச் சண்டை நேரம் முல்லைத்தீவுப் பக்கம் சனத்தோட சனமா நிக்கேக்க, தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு பிளாஸ்ரிக் கானோட போனவர் கதிரவேலண்ணை. பிறகு ஆரும் அவரைக் காணேல்லை. இறந்தவர் எண்டு பதிஞ்சு தாறம் எண்டு வந்த உத்தியோகத்தர்மாரைத் தவமணியக்கா வாசல் படலையோடயே திருப்பி அனுப்பிப்போட்டா. இண்டைக்கும் கழுத்தில தாலி, நெத்தியில குங்குமம்.

மீனாட்சிக்குப் பிறந்தது ஆம்பிளைப் பிள்ளை, நல்ல நிறை. நான் வீட்டுக்குப் பாக்கப் போன அண்டைக்குத் தவமணியக்கா பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைச்சுக்கொண்டிருந்தா. நானும் வழமைபோல வாயைத் திறந்தன். "பேர் யோசிச்சாச்சோ?" சுதன் பளிச்செண்டு, "ஓம் மிஸி, கதிரவேலு. அத்தான்ர பேர்" எண்டான். எங்கட பகுதியில கனபேர் வீட்டில ஒருத்தர் போய்ச் சேர்ந்தாப் பிறகுதான் அவற்ர பேரைப் பிள்ளைக்கு வைக்கிறவை. ஆள் உயிரோட இருக்கேக்க வைக்கிறேல்லை. அப்ப அந்தப் பேர் தவமணியக்காவுக்கு எங்க போய்க் குத்தியிருக்கும் எண்டு பாருங்கோ. துடைச்ச கை அப்பிடியே நிண்டிட்டுது. எனக்கு ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டன் எண்டு போச்சு. அவா சுதனைப் பாத்துச் சத்தம் போடாமல்தான் கேட்டா. "இருக்கிற மனிசனின்ர பேரை ஏன்ரா எடுக்கிறாய்? அவர் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

கனடாவில கேட்ட கதிரை

பேர்ச் சண்டைக்குக் கனடா இல்லாமல் ஒரு வீடும் எங்கட பக்கத்தில இல்லை. சுதன்ர தமையன் செல்வம் கனடாவில. அவர் வீடியோ கோல் எடுத்த நேரம் நான் தற்செயலா அங்க நிண்டனான். அந்த வளவில கிணத்துக்கட்டுக்குப் பக்கத்தில மட்டும்தான் சிக்னல் பிடிக்கும். சுதன் ஒரு கையால போனையும் மற்றக் கையால வாளிக் கயித்தையும் பிடிச்சுக்கொண்டு பேரைச் சொல்ல, அங்கால இருந்து செல்வத்தார் "என்ன, கதிரையோ? ஏன்ரா பிள்ளைக்குக் கதிரை? வாங்கி அனுப்பவோ?" எண்டு கேக்கிறார். சுதன் "கதிரவேலு, கதிரவேலு" எண்டு கத்தின கத்தில தவமணியக்காவின்ர கண்டுக்குட்டி கயித்தை அறுத்துக்கொண்டு ஓடிப்போச்சு.

பேர் ஒருமாதிரி விளங்கினாப் பிறகு செல்வத்தார் அடுத்த நியாயத்தைத் துவங்கினார். இந்தப் பேர் நீளமாம், போனிலயே இப்பிடிக் கேக்குதெண்டால் வெள்ளைக்கார ரீச்சர்மார் பாவமாம், ஒரு சின்னப் பேராப் பாக்கச் சொன்னார். அண்டைக்குப் பின்னேரமே பேர்களா வந்து விழுந்துது, எல்லாம் ரெண்டெழுத்து, ஒண்டும் எந்தப் பாசையெண்டு எனக்கு விளங்கேல்லை. செல்வத்தாருக்குப் பேர் காதில விழாதது பிரச்சினை. குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டிருந்த தவமணியக்காவுக்கு அந்தப் பேர் திரும்பத் திரும்பக் காதில விழுந்ததுதான் பிரச்சினை. அதைச் சுதன் கவனிக்கேல்லை. அவன் போனுக்குள்ள வாயை வைச்சுக் கத்திக்கொண்டு நிண்டான். "அண்ணை, என்ர பிள்ளை படிக்கப்போறது உருத்திரபுரத்தில. இஞ்ச எந்த வெள்ளைக்காரன் ரீச்சரா வந்து நிக்கிறான்?"

வயலுக்க ஒரு சோதனை

இந்தக் காதில விழுற பிரச்சினைக்கு எங்கட பகுதியில ஒரு மனிசன் சோதனையே வைச்சவர். பெரிய வயல்காரர், எதையும் பரீட்சிச்சுப் பாக்காமல் செய்யமாட்டார். பிள்ளைக்கு வைக்கப்போற பேர் வீட்டில இருந்து கூப்பிட்டா வயலின்ர கடைசி வரம்புக்குக் கேக்கவேணும், அதுவும் தண்ணி இறைக்கிற மெசின் ஓடேக்க கேக்கவேணும் எண்டு அவற்ர நிபந்தனை. மனிசி பிள்ளை பெத்த உடம்பு, கத்தக்கூடாது. மாமியாருக்குத் தொண்டை அடைப்பு. அப்ப ஆர் கத்துறது? நிறை பாக்கப் போன நான்தான் யூனிபோர்மும் தொப்பியும் போட்டபடி கிணத்தடியில நிண்டு கத்தினன்.

"முகிலன்!" எண்டன். அவர் தூரத்தில கையை ஆட்டி இல்லை எண்டார். "செழியன்!" இல்லை. "ஆதவன்!" அதுவும் இல்லை. எல்லாத்திலயும் கடைசியில இருக்கிற 'அன்' மட்டும்தான் வரம்புக்கு வந்து சேர்ந்ததாம். அந்த 'அன்'னுக்குப் பக்கத்து வயலில நிண்ட ரெண்டு பெடியளும் நிமிர்ந்து பாத்தவங்களாம். ஒழுங்கையால போன சனம் ஆரோ கிணத்துக்க விழுந்திட்டினம் எண்டு சைக்கிளைப் போட்டிட்டு ஓடி வந்திட்டுது. கடைசியா "பொன்னம்பலம்!" எண்டு அடி வயித்தில இருந்து ஒரு சத்தம் குடுத்தன். மனிசன் வரம்பில துள்ளிக் குதிச்சார். முழுசா வந்திட்டுதாம்.

ரெண்டு நாளா எனக்குக் குரல் இல்லை. அண்டைக்கே, இப்பிடி ஒரு விசர் வேலை ஏன் ஐயா எண்டு கேக்க, அவர் மெசினை நிப்பாட்டிப்போட்டு வெகு அமைதியாச் சொன்னார். "மிஸி, விதைக்க முந்தி நெல்லு முளைக்குமோ எண்டு பாக்கிறமெல்லோ. இது எங்கட பிள்ளை. பாக்காமல் வைக்கேலுமோ?"

வைத்திலிங்கம் எழும்பேல்லை

இவ்வளவு பாடுபட்டு வைக்கிற பேருக்குப் பிறகு என்ன நடக்குது எண்டு என்னைக் கேளுங்கோ. எங்கட சனத்தின்ர வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. சாத்திரம் பாத்து, எண் பாத்து, அடிபட்டு ஒரு பேரை வைப்பினம். வைச்ச அடுத்த நாளில இருந்து 'பபா', 'குட்டி', 'அப்பன்', 'செல்லம்'. அந்த முழுப் பேரை ஊரில பாவிக்கிற ஒரே ஆள் நான்தான். பொதுநோக்கு மண்டபத்தில கிளினிக் நடக்கேக்க நான் கதவடியில நிண்டு கூப்பிட்டாத்தான் அந்தப் பேருக்குக் காத்துப்படுறது.

ஒரு நாள் "வைத்திலிங்கம்!" எண்டு கூப்பிட்டன். ஆரும் எழும்பேல்லை. அண்டைக்கு அதே மண்டபத்தில மற்றப் பக்கம் வயசானவைக்குக் கையில பட்டி கட்டிப் பிறசரும் பாத்தவை. நான் திரும்பக் கூப்பிட, முன் வாங்கில பிள்ளையை மடியில வைச்சிருந்த ஒரு பெட்டை பின்னால திரும்பி, "வைத்திலிங்கம் ஐயா ஆர்? உங்களைக் கூப்பிடுகினம், எழும்பிப் போங்கோவன்" எண்டு கிழவர்மாருக்குச் சொல்லுறாள். எனக்குச் சந்தேகம் வந்திட்டுது. "பிள்ளை, உம்மட பிள்ளையின்ர பேர் என்ன?" எண்டு கேட்டன். "பபா" எண்டாள். "பதிஞ்ச பேர்?" எண்டன். வாயில கையை வைச்சவள்தான். "ஐயோ மிஸி, அது என்ர பிள்ளையோ! நான் ஆரோ வயசுபோன மனிசன் பிறசருக்கு மருந்துக் குளுசை எடுக்க வந்திருக்கிறாரெண்டெல்லோ இருந்தனான்!"

நிறை பாக்க வந்த ஆள்

சுதன் வீட்டில பிள்ளை பிறந்த முப்பத்தொராம் நாளும் வந்து போச்சு. துடக்குக் கழிச்சு, வீடு கழுவி, வந்த சனத்துக்குச் சாப்பாடும் குடுத்தாச்சு. பேர் மட்டும் இல்லை. பிள்ளை 'தம்பி' எண்ட பேரோட திரியுது. ஒரு நாள் வாய்க்கால் றோட்டில சுதன் மெசினை நிப்பாட்டி என்னை மறிச்சான். எந்த நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டு திரியிற பெடியன், அண்டைக்கு முகம் செத்துப்போய் இருந்தது. "மிஸி, அத்தான்ர பேரை எங்கட வீட்டில ஒருத்தரும் சொல்லுறேல்லை. அக்கா 'அவர்' எண்டுவா. நான் 'அத்தான்' எண்டுவன். பேர் ஒண்டு இருந்த மனிசன் மிஸி. அந்தப் பேரைச் சொல்லி ஆராவது கூப்பிட்டு எத்தினை வருசம்! அவரை மறக்கிறதுக்கெண்டோ நான் கேக்கிறன்?" எண்டான். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. வெயில் எண்டு சொல்லித் துடைச்சன்.

அந்த இரக்கத்தில நேர அவையின்ர வீட்டுக்குப் போனன். தவமணியக்கா வைக்கல் அள்ளிப் போட்டுக்கொண்டு நிண்டா. போற வழியில நானே ஒரு சமாதானம் யோசிச்சு வைச்சிருந்தனான். கதிரவேலு வேண்டாம், கதிரேசன் எண்டு வைப்பம், சுதனுக்கும் மனம் ஆறும், உங்களுக்கும் அந்தப் பேர் இல்லை. என்ர மூளையை நானே மெச்சிக்கொண்டு இதைச் சொன்னன். தவமணியக்கா வைக்கலைக் கீழ போட்டா. அவா ஏசினால் வாய்க்காலுக்கு அங்கால கேக்கும், நான் அதுக்குத்தான் ஆயத்தமா நிண்டனான். அவா ஏசேல்லை. விறாந்தையில ஏணைக்குள்ள கிடந்த பிள்ளையை ஒருக்காப் பாத்தா, என்னை ஒருக்காப் பாத்தா. "மிஸி, அரைவாசிப் பேர் வைச்சா மனிசன் அரைவாசி இருக்கிறாரெண்டோ அர்த்தம்? நீங்கள் நிறை பாக்க வந்தனீங்கள், நிறையைப் பாத்திட்டுப் போங்கோ."

ரெண்டு கருப்பையா

பிறகு நான் அந்த வீட்டில பேர்ப் பேச்சே எடுக்கேல்லை. மீனாட்சியும் எடுக்கேல்லை. அவள் அமைதியான பிள்ளை, வந்த இடத்தில வாய் காட்டக்கூடாது எண்டு இருப்பாள். ஒரு நாள் நான் பிள்ளைக்குப் பால் போதுமோ எண்டு பாத்துக்கொண்டிருக்க, ஜெயபுரத்தில இருந்து மோட்டசைக்கிளில அவளின்ர தமையன் வந்து இறங்கினார். பின்னால ஒரு பலாப்பழத்தைக் கட்டிப் பிடிச்சபடி அவளின்ர தாத்தா. கால் ஏலாத மனிசன், இந்த வீட்டுக்கு அண்டைக்குத்தான் முதல் தரம் வாறார். பேரப்பிள்ளையின்ர பிள்ளையைப் பாக்கவெண்டு வெளிக்கிட்டு வந்திருக்கிறார்.

தவமணியக்கா தேத்தண்ணியை ஊத்தி வைச்சிட்டுக் குசினிக்குள்ள இருந்து "கருப்பையா! வாங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது" எண்டு தமையனைக் கூப்பிட்டா. "இந்தா வாறேங்க" எண்டு தமையன் எழும்ப, "என்னம்மா?" எண்டு தாத்தாவும் தடியை ஊண்டிக்கொண்டு எழும்புறார். தவமணியக்கா கோப்பையோட குசினி வாசலில நிண்டு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கிறா. மீனாட்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சாள். "அண்ணி, தாத்தா பேரும் கருப்பையாதாங்க. அண்ணனுக்கு அவரு பேரத்தான் வச்சாங்க. தாத்தாவ கூப்பிட்டா அண்ணன் வரும், அண்ணன கூப்பிட்டா தாத்தா வருவாரு. வீட்டுல எப்பவும் இதே கூத்துதான்" எண்டாள்.

எனக்கும் சிரிப்புத்தான். தவமணியக்கா சிரிக்கேல்லை. கோப்பையை அப்பிடியே சன்னலில வைச்சிட்டு வந்து மீனாட்சிக்குப் பக்கத்தில நிலத்தில குந்தினா. "இவர் இருக்கேக்கயே பேரை வைச்சவையோ?" எண்டு கேட்டா. "ஆமாங்க அண்ணி. எங்க பக்கம் அப்பிடித்தான். உசுரோட இருக்கவங்க பேரத்தான் ஆசையா வைப்பாங்க. வச்சா அவங்களுக்கு ஆயுசு கூடும்னு எங்க அம்மா சொல்லும்" எண்டாள் மீனாட்சி. தாத்தா நடுவில விழுந்து, "எனக்குக் கூடிக்கிட்டே போவுது, நிக்க மாட்டேங்குது" எண்டு பொக்கை வாயால சிரிச்சார்.

தவமணியக்கா கனநேரம் ஏணையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தா. சுதன் வயலில இருந்து வந்து விறாந்தையில சேத்துக் காலோட நிக்கிறான், என்ன நடக்குதெண்டு அவனுக்கு விளங்கேல்லை. என்னைப் பாத்தான். நான் வாயைத் திறக்கக்கூடாது எண்டு தராசைக் கழட்டிக் கழட்டிப் பூட்டினன். தவமணியக்கா எழும்பிச் சீலையை உதறினா. சுதனிட்டைச் சொல்லேல்லை, என்னட்டைச் சொல்லேல்லை, மீனாட்சியிட்டைத்தான் சொன்னா. "அப்ப பிள்ளைக்கு உங்கட ஆக்களின்ர வழக்கத்தில வை. ஆராவது கேட்டா, எங்கட வழக்கத்தில வைக்கேல்லை, இது தாய்ப் பக்கத்து வழக்கம், ஆள் இருக்கிறார் எண்டு சொல்லு. விளங்கிச்சோ?"

வாய் தேயாது

கதிரவேலு எண்டு வைச்சாச்சு எண்டவுடன கனடாவில இருந்து செல்வத்தார் திரும்பவும் எடுத்தார். இந்த முறை கதிரை எண்டு கேக்கேல்லை. சரி, வைச்சது வைச்சாச்சு, நான் 'கதி' எண்டு சுருக்கிக் கூப்பிடுறன், பிள்ளையளுக்கும் சுகம் எண்டார். தவமணியக்கா சுதன்ர கையில இருந்த போனைப் பறிச்செடுத்தா. இவ்வளவு காலமும் அந்தப் பேரைக் கேக்கமாட்டன் எண்டு குசினிக்குள்ள போய்ப் பூந்துகொண்டவா, கிணத்துக்கட்டில ஏறி நிண்டு தம்பிக்குக் குடுத்தா பாருங்கோ ஒண்டு. "முழுசாச் சொல்லடா. நீயும் சொல்லு, உன்ர பிள்ளையளையும் சொல்லப் பழக்கு. உங்கட வாய் ஒண்டும் தேயாது!"

கதவடியில நிண்டு

அதுக்குப் பிறகு வந்த கிளினிக்குக்கு மீனாட்சியும் தவமணியக்காவும் பிள்ளையைக் கொண்டு வந்திருந்தினம். மண்டபம் நிறையச் சனம். மழைக் குணம், ஒரே புழுக்கம், நாலு பக்கமும் பிள்ளையளின்ர கத்தல். வைத்திலிங்கத்தின்ர தாய் இந்தத் தரம் நான் கூப்பிட முந்தியே எழும்பி நிக்கிறாள். ஊசி போட்ட பொன்னம்பலம் வயலுக்குக் கேக்கிற மாதிரிக் குளறுறான். நான் வழமைபோலக் கதவடியில நிண்டு பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தன். கதிரவேலுவின்ர முறை வந்துது. அந்தப் பேரை அப்பிடி ஒரு சபையில நான் வாய்விட்டுக் கூப்பிடுறது அதுதான் முதல் தரம். செருமிப்போட்டு, "கதிரவேலு!" எண்டு கூப்பிட்டன்.

மீனாட்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். பக்கத்தில இருந்த தவமணியக்காவும் எழும்பினா. ஆனால் பிள்ளையைப் பாக்கேல்லை. என்னையும் பாக்கேல்லை. எனக்குப் பின்னால இருந்த வாசலைப் பாத்தா. கையால சீலைத் தலைப்பை இழுத்து ஒழுங்காக்கிக்கொண்டு, ஆரோ வாறதுக்கு வழி விடுற மாதிரி ஒரு அடி தள்ளி நிண்டா. வாசலில மழை இருட்டுத்தான் இருந்துது. வேற ஒருத்தரும் வரேல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்திட்டுது. மீனாட்சியும் பிள்ளையோட அப்பிடியே நிண்டிட்டாள்.

தவமணியக்கா எங்களைத் திரும்பிப் பாத்தா. எங்கட முகங்களைக் கண்டவுடன அவவுக்குக் கோவம் வந்திட்டுது. பிள்ளையை மீனாட்சியின்ர கையில இருந்து வாங்கித் தன்ர தோளில போட்டுக்கொண்டு எனக்குச் சொன்னா. "என்ன மிஸி பாக்கிறியள்? கூப்பிட்டா ஆர் வருகினமெண்டு பாக்க வேண்டாமோ? ஒராள் வந்திட்டார். இன்னொருக்காக் கூப்பிடுங்கோ, கொஞ்சம் சத்தமா."

ஒரு பிள்ளையின்ர பேரை ஒழுங்கா விளங்கிற மாதிரி ஒருக்காக் கூப்பிட்டாப் போதும் எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சவை, ஆனால் கதிரவேலுவை மட்டும் நான் எப்பவும் ரெண்டு தரம் கூப்பிடுறனான், ரெண்டாந்தரம் றோட்டுப் பக்கம் திரும்பி நிண்டு.